பென்னு திரவமாக இருந்தால் நிலைக்காது: சுழலும் விண்மீனிலிருந்து கற்குவியல் வரை

பென்னு என்ற சிறுகோளின் விட்டம் ஏறக்குறைய 490 மீட்டர். 4.3 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராம். பாறைக்கு இது மிகக் குறைவு; உள்ளே ஏறக்குறைய பாதி வெற்றிடம் என்று பொருள். விட்டத்தை விட்டுவிடுவோம். சுழற்சியையும் அடர்த்தியையும் மட்டும் எடுத்து, சுழலும் திரவ உருண்டைக்கு 1742இல் கணிதவியலாளர் காலின் மக்லாரின் கண்ட சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் விடையே வராது. அந்த அடர்த்தியுள்ள திரவம் தன் ஈர்ப்பால் மட்டும் பிணைந்து, ஒரே வேகத்தில் சுழலும் நீள்வட்ட உருவமாக நிற்க வேண்டுமானால், ஒரு சுற்றுக்குக் குறைந்தது 5.2 மணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்னு அதைவிட வேகமாகச் சுழல்கிறது, சிதறாமலும் இருக்கிறது.

அதைப் பிடித்து வைத்திருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு. விண்மீன்களுக்காக இரண்டு நூற்றாண்டுகளாகச் செப்பனிடப்பட்ட கோட்பாடும், மணலுக்கும் தானியத்துக்குமாக வளர்ந்த கோட்பாடும் சந்திக்கும் இடம் இது. ஒன்றில் விடை ஒரே வடிவமாக வருகிறது. மற்றதில் வடிவங்களின் ஒரு வரம்பே விடை. அந்த வேறுபாட்டின் வேர், தெரியாத எண்கள் எத்தனை, கையில் உள்ள சமன்பாடுகள் எத்தனை என்ற எளிய கணக்கில் இருக்கிறது.

திரவத்தின் கணக்கு

திரவத்துக்குள் ஓரிடத்தின் நிலையைச் சொல்ல அழுத்தம் என்ற ஒரே எண் போதும். எத்திசையில் அளந்தாலும் அது மாறாது. ஈர்ப்பும் மையவிலக்கு விசையும் அழுத்தச் சரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்தால் சமநிலை. அப்போது மேற்பரப்பு எங்கும் 'கீழ்' என்ற திசைக்குச் செங்குத்தாகத்தான் இருக்க முடியும். சற்றுச் சாய்ந்தாலும் திரவம் ஓடிச் சரிசெய்துகொள்ளும். இப்படி யோசித்துத்தான் நியூட்டன் 1687இல், பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு, அதன் தட்டைத்தன்மை 230இல் 1 பங்கு என்று கணித்தார். அளந்து கண்டது 298இல் 1. நியூட்டனின் கணக்கில் பிழையில்லை. பூமியின் நிறை நடுவில் செறிந்திருப்பதால் நடுக்கோட்டுப் பிதுக்கம் குறைகிறது. அதாவது, இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியே பூமியின் உட்புறத்தைப் பற்றிய தகவல்.

மக்லாரினின் தீர்வில் பலரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. கோண உந்தத்தை (நிறை, அதன் பரவல், சுழல்வேகம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு) கூட்டக் கூட்ட உருண்டை தட்டையாகும், சுழல்வேகமும் ஏறும். துருவ அச்சு நடுக்கோட்டு அச்சின் 37 விழுக்காடாகச் சுருங்கும்போது வேகம் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேலும் கோண உந்தத்தை ஏற்றலாம். ஆனால் உருவம் அகன்றுவிடுவதால் வேகம் குறையத் தொடங்கும். பென்னுவுக்குச் சொன்ன 5.2 மணி நேரம் இந்த உச்சத்திலிருந்து வருவதுதான். வேறு அடர்த்திக்கு வேண்டுமானால், 5.7 மணி நேரத்தை அடர்த்தியின் (கன சென்டிமீட்டருக்குக் கிராமில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். ஆரம் கணக்கிலேயே வராது. 500 மீட்டர் உருண்டைக்கும் 5 லட்சம் கிலோமீட்டர் உருண்டைக்கும் எல்லை ஒன்றே.

அந்த உச்சத்துக்கு முன்பே, துருவ அச்சு 58 விழுக்காட்டை எட்டும் இடத்தில், இன்னொரு வழி பிரிகிறது. மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளமுள்ள நீள்உருண்டையும் சமநிலையில் சுழல முடியும் என்று யாக்கோபி 1834இல் காட்டினார். உராய்வு போன்ற ஆற்றல் இழப்பு இருந்தால் திரவம் மெல்ல அந்தப் பாதைக்கு நகர்ந்துவிடும்.

கணினியில் சுழலும் விண்மீனின் வடிவத்தைத் தேட முதன்முதலாக இறங்குபவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். சுழல்வேகத்தைக் கொடுத்து வடிவத்தைத் தேடினால், ஒரே வேகத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதால், கணக்கு உச்சத்துக்கு அருகில் தாவிக்கொண்டே இருக்கும். 1986இல் இசுமி ஹசிசு வகுத்த முறை இதைத் தலைகீழாக்கியது. துருவ ஆரத்துக்கும் நடுக்கோட்டு ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை முதலில் நிலைநிறுத்த வேண்டும். ஓர் அடர்த்திப் பரவலை ஊகித்து, அதன் ஈர்ப்பைக் கணக்கிட வேண்டும். துருவத்திலும் நடுக்கோட்டிலும் மேற்பரப்பு அமைய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளிலிருந்து சுழல்வேகம் தானாக வந்து விழும். அதைக்கொண்டு அடர்த்தியைத் திருத்தி, மாற்றம் அற்றுப்போகும்வரை சுற்றைத் தொடர வேண்டும். முடிவை நம்பலாமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: சுழற்சியின் இயக்க ஆற்றலை இரட்டித்து, அழுத்தத்தின் மொத்தத் தொகையை மும்மடங்காக்கிச் சேர்த்து, எதிர்க்குறியுள்ள ஈர்ப்பு ஆற்றலையும் கூட்டினால் சுழி வர வேண்டும். ஈர்ப்பு ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் நின்றால், பெரும்பாலும் கணக்குக்காக உருவத்தைப் பிரித்த கட்டங்கள் மேற்பரப்புக்கு அருகில் போதிய நெருக்கமாக இல்லை என்று பொருள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து கேம்பிரிட்ஜ் சென்ற வானியற்பியலாளர் சந்திரசேகர், 1933இலேயே அடர்த்தி மாறும் வாயு உருண்டைகளின் சுழற்சியை ஆராய்ந்தார். 1960களில் சிகாகோவில் நார்மன் லெபோவிட்ஸுடன் சேர்ந்து இந்த நீள்உருண்டைகள் முழுவதையும் மறுபடி அலசினார். அவர்களது உத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் சமன்பாட்டைத் தீர்க்காமல், அதை உருவம் முழுவதற்கும் சராசரியாக்கிவிடுவது. முடிவிலியான தெரியாத எண்கள் கைவிரல்களில் எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும். 1970இல் அவர் இன்னொன்றையும் காட்டினார்: ஈர்ப்பு அலைகளை உமிழ்வதே வேகமாகச் சுழலும் உருவத்தின் சிறு அலைவுகளை அடக்காமல் வளர்க்கக்கூடும். ஜான் ஃப்ரீட்மனும் பெர்னார்ட் ஷட்ஸும் 1978இல் அதைப் பொதுவாக்கினார்கள். நியூட்ரான் விண்மீன்கள் எவ்வளவு வேகம் வரை சுழலலாம் என்ற விவாதத்தில் இந்த நிலையின்மை இன்றும் ஒரு தரப்பு.

உண்மை விண்மீன்களில் நிறை நடுவில் வெகுவாகக் குவிந்திருப்பதால் எல்லை வேறு மாதிரி வருகிறது. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைப் போல் ஒன்றரை மடங்கை எட்டும்போது, நடுக்கோட்டில் உள்ள பொருள் பறக்கத் தயாராகிவிடும். அக்கர்னார் விண்மீனை 2003இல் சிலியிலுள்ள தொலைநோக்கிகளின் கூட்டமைப்பால் அளந்தபோது விகிதம் 1.56 என்று வந்தது, எல்லைக்கு மேல். விண்மீனைச் சுற்றியிருக்கும் மெல்லிய வாயு வட்டின் ஒளியும் சேர்ந்து அளக்கப்பட்டது என்பது வலுவான விளக்கம். பின்னர் 2014இல் வெளிவந்த ஆய்வில் விகிதம் 1.35 அளவுக்கு இறங்கியது. மகம் விண்மீன் 15.9 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

சுழலும் விண்மீனில் வடிவத்தோடு நிறமும் மாறும். துருவத்தில் ஈர்ப்பு வலுவாக இருப்பதால் அங்கே சூடும் அதிகம். வெப்பநிலை ஈர்ப்பின் நான்காம் மூலத்தைப் பின்பற்றும் என்று ஃபொன் சைப்பல் 1924இல் நிறுவினார். திருவோணம் விண்மீனின் 2007ஆம் ஆண்டுப் படத்தில் துருவம் சுமார் 8,450 கெல்வின், நடுக்கோடு சுமார் 6,860 கெல்வின். ஆனால் அந்தப் படத்துக்குச் சிறப்பாகப் பொருந்திய அடுக்கெண் 0.25 (அதாவது நான்காம் மூலம்) அல்ல, 0.19. நடுக்கோட்டுப் பகுதியில் வெப்பம் வெறும் கதிர்வீச்சாக வராமல் வாயுவின் கொதிப்போட்டமாகவும் வருகிறது என்று இதை விளக்கலாம்.

மணலின் கணக்கு

மணல், நெல், சரளை, கற்குவியல் எல்லாம் குறுமணிப் பொருள்கள். வெப்பம் இவற்றை அசைக்காது. அரை மில்லிமீட்டர் மணலை அதன் விட்டத்தளவு உயர்த்தத் தேவையான ஆற்றல், அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறுக்குள்ள வெப்ப ஆற்றலைப் போல் ஏறக்குறைய 20,000 கோடி மடங்கு. வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக் கலந்து சமநிலையைத் தாமே தேடிக்கொள்ளும். மணல் தேடாது, விட்ட இடத்தில் நிற்கும்.

எப்படி விட்டோம் என்பதும் இங்கே முக்கியமாகிவிடுகிறது. திடமாக நிற்கும் குவியலில் ஒரு புள்ளியின் நிலையைச் சொல்லத் தகைவின் (பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) 6 எண்கள் வேண்டும். விசைச் சமநிலை தருவது 3 சமன்பாடுகள்தான். உராய்வு விதி மீதியை நிரப்பும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கூலம்பின் விதி, சறுக்குத் தகைவு செங்குத்துத் தகைவின் இத்தனை மடங்கைத் தாண்டாது என்ற மேல்வரம்பை மட்டுமே தருகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. மணலைப் புனலால் ஒரே புள்ளியில் கொட்டிக் குவித்தால் குவியலின் உச்சிக்கு நேர் கீழே அழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும். சல்லடையால் பரவலாகத் தூவிக் குவித்தால் அந்தக் குறைவு தென்படாது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே கூம்புதான்.

ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் தானியச் சைலோவுக்கு (தானியம் சேமிக்கும் உயரமான உருளைத் தொட்டி) எழுதிய கணக்கு இந்த இடைவெளியை ஓர் ஊகத்தால் அடைத்தது: பக்கவாட்டு அழுத்தம் செங்குத்து அழுத்தத்தின் ஒரு மாறாப் பங்கு. துணிச்சலான ஊகம், ஆனால் வேலை செய்கிறது. 4 மீட்டர் விட்டமும் 20 மீட்டர் உயரமும் உள்ள சைலோவில் கன மீட்டருக்கு 600 கிலோ என்ற கணக்கில் நெல்லை நிரப்பினால் மொத்தம் 150 டன். சுவர் உராய்வுக் கெழு 0.4, பக்கவாட்டுப் பங்கு 0.5 என்று கொள்வோம். ஆழம் 5 மீட்டரைத் தாண்டத் தாண்ட அழுத்தம் அதே விகிதத்தில் ஏறாமல் தேங்கத் தொடங்கும். தரையில் 29 கிலோபாஸ்கல் மட்டுமே இருக்கும். அதே அடர்த்தியுள்ள திரவமானால் 118. தரை தாங்குவது 37 டன். மீதி 113 டன் உராய்வின் வழியாகச் சுவரில் ஏறிவிடுகிறது.

திரவம் என்று எண்ணித் தொட்டி கட்டினால் இங்கேதான் ஆபத்து. பக்கவாட்டில் வெடிக்காதபடி தகட்டைத் தேர்ந்திருப்பார்கள். செங்குத்துச் சுமையால் மெல்லிய தகடு நசுங்கி மடியும் என்பதைப் பார்த்திருக்கமாட்டார்கள். கீழ்வாயைத் திறந்ததும் நிலைமை மேலும் மோசமாகும். நிரப்பும்போது தானியம் கீழ்நோக்கி அமுங்கியது. இப்போது கூம்புப் பகுதியை நோக்கிப் பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. பக்கவாட்டுப் பங்கு சில இடங்களில் ஒன்றைத் தாண்டிவிடும். வாய் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் தானியம் ஓடி, சுவர் அந்தப் பக்கம் உள்நோக்கிக் குழியும். நிரப்பிய நாளில் அசையாமல் நின்ற சைலோ காலி செய்யும் நாளில் விழுவது இதனால்தான்.

ஓடும் குறுமணிக்கு 2000களில் ஓரளவு நம்பகமான விதி கிடைத்தது. உராய்வுக் கெழுவை மாறிலியாகக் கொள்ளாமல், மணிகள் ஒன்றையொன்று தாண்டும் வேகத்துக்கும் அழுத்தம் அவற்றை மறுபடி அமுக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்ததாக எழுதுகிறார்கள். கண்ணாடி மணிகளுக்கு அது 0.38இலிருந்து 0.64 வரை ஏறுகிறது. அந்த விகிதம் மிகச் சிறிதானாலும் மிகப் பெரிதானாலும் சமன்பாடு கெட்டுவிடும்: கட்டங்களை நெருக்க நெருக்கச் சிறு அலைகள் கட்டின்றி வளரும். மென்பொருளில் பிழை என்று தேடுவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. குறை சமன்பாட்டிலேயே இருக்கலாம்.

இரண்டும் சேரும் இடம்

இப்போது சுழலும் கற்குவியலுக்கு வருவோம். கீத் ஹோல்சாப்பிள் 2001இல், ஒட்டுவிசையே இல்லாத, உராய்வு மட்டும் உள்ள நீள்உருண்டைகளுக்கு மக்லாரின் கணக்கை மறுபடி செய்தார். திரவத்துக்கு ஒரு கோடாக இருந்த தீர்வு இங்கே பட்டையாக விரிந்தது: ஒவ்வொரு வடிவத்துக்கும் அனுமதிக்கப்பட்ட சுழல்வேகங்களின் ஒரு வரம்பு. உராய்வு கூடக் கூடப் பட்டை அகலும்; உராய்வைச் சுழியாக்கினால் பழைய கோடு மீளும். கான்பூர் ஐஐடியின் ஈஷான் சர்மா, கார்னெலின் ஜேம்ஸ் ஜென்கின்ஸ், ஜோசப் பர்ன்ஸ் மூவரும், உருவம் முழுவதற்கும் சராசரி எடுக்கும் சந்திரசேகர் வழி உத்தியையே குறுமணிச் சிறுகோள்களுக்குப் பொருத்தினார்கள். திரவத்தின் அழுத்தம் இருந்த இடத்தில் தகைவின் சராசரியை வைத்துவிட்டால் அதே இயந்திரம் ஓடுகிறது.

மேற்பரப்பை மட்டும் பார்க்க இன்னும் எளிய கணக்கு உண்டு. கோளமான கற்குவியல் ஒன்றைச் சுழற்றுவோம். நடுக்கோட்டில் மையவிலக்கு விசைக்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, ஒன்றிலிருந்து அதைக் கழித்து வர்க்கமூலம் கண்டு, அதன் இருமடங்கால் அந்த விகிதத்தையே வகுத்தால், கோளத்தின் மேல் எங்கும் காணக்கூடிய மிகச் செங்குத்தான சரிவின் டேன்ஜென்ட் கிடைக்கும். குவியலின் சரிவுக் கோணம் 35 பாகை என்றால், விகிதம் 0.73 ஆகும்போது, ஏறக்குறைய 27 பாகை அட்சத்தில் முதல் சரிவு தொடங்கும். அங்கிருந்து சரியும் பொருள் மேலே துருவத்துக்குப் போகாது. நடுக்கோட்டை நோக்கித்தான் 'இறங்கும்'. பென்னு, ரியூகு போன்ற சிறுகோள்களின் இடுப்பில் காணும் மேடு இப்படி உருவானது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பென்னுவின் இன்றைய சுழற்சியில் விகிதம் 0.5, கோளமாக இருந்தால் அதிகபட்சச் சரிவு 19 பாகை. நிலையானது.

ஒட்டுவிசை இல்லாவிட்டால் விகிதம் ஒன்றைத் தாண்ட முடியாது. 3.3 மணி நேரத்தை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த இறுதி எல்லை வரும்; அடர்த்தி 2.25 என்றால் 2.2 மணி. சில நூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் இதைவிட வேகமாகச் சுழல்பவை மிக அரிது என்பதை ஆலன் ஹாரிஸ் 1996இல் சுட்டிக்காட்டினார். பெரும்பாலான சிறுகோள்கள் ஒற்றைப் பாறைகள் அல்ல என்பதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று இந்த எல்லை. சுழற்சியை ஏற்றுவது சூரிய ஒளி. ஒழுங்கற்ற வடிவத்திலிருந்து ஒளியும் வெப்பமும் சமமின்றித் திரும்புவதால் மிகச் சிறிய முறுக்கம் பிறக்கிறது. பென்னுவின் சுற்றுநேரம் நூறாண்டுக்குச் சுமார் ஒரு விநாடி குறைகிறது.

விதிவிலக்குகள்தாம் சுவையானவை. 1950 டிஏ என்ற சிறுகோள் 2.12 மணியில் சுழல்கிறது. அதன் அடர்த்தி 1.7 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அடர்த்திக்கு எல்லை 2.53 மணி. நடுக்கோட்டில் கல் வெளியே பறக்க வேண்டும். பறக்காமல் இருக்க 64 பாஸ்கல் அளவுக்கு ஒட்டுவிசை போதும் என்று 2014இல் வெளியான கணக்கு சொன்னது. 6.5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் அது. நுண்துகள்களுக்கு இடையேயான வான் டெர் வால்ஸ் விசையே (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய கவர்ச்சி) இதைத் தந்துவிடும். அந்த விசை துகளின் விட்டத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. எடையோ விட்டத்தின் கனத்தோடு. ஈர்ப்பு இவ்வளவு மெலிந்த இடத்தில் கூழாங்கற்கள்கூட மாவைப் போல் ஒட்டிக்கொள்ளலாம்.

மெலிவு எந்த அளவு என்பதை எண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். பென்னுவின் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியினுடையதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சுழற்சியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அதன் நடுமையத்தில் அழுத்தம் வெறும் 12 பாஸ்கல். மேற்பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 0.01 பாஸ்கல். உராய்வின் வலிமை அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்பதால், மேற்பரப்பில் அது கிட்டத்தட்ட இல்லை. 2020 அக்டோபர் 20 அன்று நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பென்னுவைத் தொட்டபோது எதிர்ப்பே இல்லாமல் அரை மீட்டர் அளவுக்கு உள்ளே புதைந்தது. கலத்தின் உந்திகள் இயங்கியிராவிட்டால் இன்னும் இறங்கியிருக்கும். வாயு ஊதலும் உந்திகளும் சேர்ந்து 8 மீட்டர் அகலக் குழியைத் தோண்டிவிட்டன. கலத்தின் மாதிரிப்பெட்டியின் மூடியில் கற்கள் சிக்கி, துகள்கள் வெளியே கசிந்தன. ஆக, மொத்த உருவத்தைத் திரவ எல்லைக்கு அப்பாலும் தாங்கும் அதே உராய்வு, தோலில் ஒரு கையைக்கூடத் தாங்கவில்லை. இரண்டும் ஒரே விதியின் விளைவு.

கணினியில் எங்கே கெடும்

இத்தகைய உருவங்களைக் கணினியில் சுழற்றிப் பார்க்க, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பின்தொடரும் முறை உண்டு. பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் 1979இல் மண்ணியலுக்காக வகுத்தது. தொடும் கற்களுக்கிடையே சுருள்வில்லும் தணிப்பானும் உராய்வும் வைப்பார்கள்; ஒரு மோதலைச் சில பத்துக் காலப்படிகளாவது (கணக்கு முன்னேறும் சிறு நேரத்துண்டுகள்) பின்தொடர வேண்டும். பாறையின் உண்மையான விறைப்பை வைத்தால் காலப்படி மிகவும் சுருங்கிப்போகும், சுழற்சியோ மணிக்கணக்கில். எனவே விறைப்பைச் செயற்கையாகக் குறைக்கிறார்கள். குறைக்கலாம், ஆனால் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும் அளவு விட்டத்தில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

விறைப்பைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: ஒரே அளவுள்ள கோளங்களைப் பயன்படுத்துவது. அவை தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகிவிடும். அந்த அடுக்கு, உராய்வே கொடுக்காவிட்டாலும், ஒன்றின் பள்ளத்தில் ஒன்று பூட்டிக்கொள்வதால் பொய்யான வலிமையைக் காட்டும். அளவுகளைக் கலந்தால் இது மறையும். ஆனால் கோளங்கள் உருளும் என்பதால் சரிவுக் கோணம் உண்மைக் கற்களைவிடக் குறைவாக வரும். உருளுவதற்கும் ஒரு தடையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அடுத்து, சூரிய ஒளி லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஏற்றும் சுழற்சியைக் கணினியில் சில நாள்களுக்குள் ஏற்றுகிறோம். சிறு படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கற்கள் அடங்கும்வரை காத்திருக்காவிட்டால், உருவம் உடைந்தது வேகத்தாலா, ஏற்றிய அவசரத்தாலா என்று சொல்ல முடியாது.

அடுத்த சோதனைக்கு டிடிமோஸ் என்ற சிறுகோள் காத்திருக்கிறது. அதன் துணைக்கோளான டிமார்ஃபோஸ் மீது 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் மோதியது. அதைப் பார்க்கப் புறப்பட்ட ஐரோப்பாவின் ஹெரா கலம் 2026 இறுதியை இலக்காகக் கொண்டு பயணிக்கிறது. டிடிமோஸ் 2.26 மணிக்கு ஒருமுறை சுழல்கிறது. கோளமாக எடுத்துக்கொண்டால், ஒட்டுவிசை இல்லாமல் 35 பாகைச் சரிவுக்குள் நிற்க அதற்கு அடர்த்தி 2.9 வேண்டும். அந்த வகைப் பாறையின் அடர்த்தி ஏறக்குறைய 3.3, ஆகவே 2.9 என்றால் உள்ளே பத்தில் ஒரு பங்குதான் வெற்றிடம். தளர்ந்து குவிந்த கற்களுக்கு அது நம்பமுடியாத நெருக்கம். அடர்த்தி 2.9க்குக் கீழே என்று ஹெரா அளந்து சொன்னால், டிடிமோஸின் நடுக்கோட்டிலும் சில பாஸ்கல் ஒட்டுவிசை வேலை செய்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கும்.